காட்பாடி மனை: மூன்று மடங்கு விலை, ஆறு சதவீத ஈட்டம்

சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம். மனைவி பள்ளி ஆசிரியை, கணவர் ராணிப்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளர். 2014 அக்டோபரில், காட்பாடியிலிருந்து திருவலம் போகும் சாலைக்கு உள்ளே, 40-க்கு 60 அடியில் 2,400 சதுரடி மனை ஒன்றை வாங்கினார்கள். சதுரடி 500 ரூபாய், மொத்தம் 12 லட்சம். பெண்ணின் கல்லூரிப் படிப்புக்காக அதை 2024 அக்டோபரில் விற்றார்கள். சதுரடி 1,500 ரூபாய். பத்து வருடத்தில் மூன்று மடங்கு என்றால் ஆண்டுக்கு 11.6 சதவீதக் கூட்டு வளர்ச்சி. ஆனால் கைக்கு வந்த பணத்தையும் கையைவிட்டுப் போன பணத்தையும் தேதிவாரியாக எழுதிப் பார்த்தால் ஈட்டம் ஆண்டுக்கு 6 சதவீதம்தான். மீதி எங்கே போனது என்பதுதான் இந்த ஆய்வு.

இந்தக் குடும்பம் ஒரு மாதிரிக் குடும்பம். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மனை வாங்கியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே கோப்பில் சேர்த்திருக்கிறோம். மனையின் விலையும் கைச்செலவுகளும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. முத்திரைத் தீர்வை, வரி விகிதம், சட்டம், அஞ்சலக வட்டி ஆகியவை அந்தந்த ஆண்டில் உண்மையில் இருந்தவை.

வாங்கிய நாள்

நிலம் இரண்டு ஏக்கர் சொச்சம். ஒரு விவசாயி தன் உழைப்பில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் 1996-இல் இறந்தார். மகன்கள் இருவர் 2003-இல் பாகப்பிரிவினை எழுதிக்கொண்டு, 2013-இல் ஒருவருக்கு விற்பதற்கான பொது அதிகாரம் (பவர்) கொடுத்தார்கள். அவர் நிலத்தை மனையாகப் பிரித்து, 20 அடி மண் சாலை விட்டு, கல் நட்டு விற்றார். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி கிடையாது. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு டீச்சர், அது போதும்" என்று புரோக்கர் சொன்னார். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு அன்றும் இல்லை. அந்த முத்திரையை நம்பித்தான் வேலூர் சுற்றுவட்டாரத்தில் பல நூறு ஏக்கர் மனையாகிப் போனது.

அப்போது அந்தப் புல எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு, சதுரடி 200 ரூபாய் என்று கொள்வோம். பத்திரத்தில் காட்டியது அந்த அளவுக்கு மட்டும், 4,80,000. மீதி 7,20,000 ரொக்கம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 1 சதவீதமுமாக 38,400 கட்டினார்கள். முழு விலைக்குப் பதிந்திருந்தால் 96,000. ஆக 57,600 மிச்சம் என்று அன்று நினைத்தார்கள். புரோக்கர் கமிஷன் 24,000, எழுத்தர் கூலியும் மற்றதும் 7,600. மனை கைக்கு வந்தபோது ஆன மொத்தச் செலவு 12,70,000.

வக்கீலிடம் காட்டவில்லை. 1975 முதல் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார்கள், அடமானம் ஒன்றும் இல்லை. "ஈ.சி. கிளீன்" என்ற சொல்லோடு பரிசோதனை முடிந்தது.

வில்லங்கச் சான்று காட்டாதவை

நம்மில் பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல், அவ்வளவுதான். பதிவுக்கு வராத எதுவும் அதில் ஏறாது. ஒருவர் இறந்தால் அந்த நொடியில் அவருடைய சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. அதற்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை, எனவே சான்றில் ஒரு வரிகூட வராது. நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் தெரியாது. மூலப்பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிய கைக்கடனும் தெரியாது. அதனால்தான் நகலை ஏற்காமல் அசலைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

பதிவாகிவிட்டதால் உரிமை உறுதி என்று எண்ணுவதும் தவறு. நம் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறது, உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொன்னது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறையின் பதிவேடு, உரிமைக்குத் துணைச் சான்று. பட்டா ஒருவர் பெயரிலும் உரிமை வேறொருவரிடமும் இருக்கும் நிலம் ஏராளம்.

அளந்தபோது

2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதியத் தடை போட்டது. பிறகு ஏற்கனவே மனையாகப் பதிவானவற்றை மறுபடி பதியலாம் என்ற விலக்கு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த, அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்குள் கொண்டுவர, 2017-இல் விதிகள் வந்தன. விலக்கு இருப்பதால் விற்கச் சட்டம் தடுக்காது. ஆனால் வரன்முறை உத்தரவு இல்லாத மனைக்கு வீடு கட்ட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் வராது. கடன் வராத மனையை முழுத் தொகையையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். அப்படிப்பட்டவர்கள் சிலரே, அவர்கள் கேட்கும் விலையும் குறைவு.

நம் குடும்பம் 2019-இல் வரன்முறைக்கு விண்ணப்பித்தது. அதற்காகவும் உட்பிரிவுப் பட்டாவுக்காகவும் நில அளவர் வந்தார். அரசின் நில அளவை வரைபடமான புலப்படத்தை விரித்து, முச்சந்திக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்தார். அந்தப் படத்தில் மனையின் கிழக்கு ஓரத்தை ஒட்டி ஓர் இரட்டைக் கோடு வளைந்து போகிறது. ஏரிக்கு நீர் கொண்டுபோகும் வரத்துக் கால்வாய். தரையில் கால்வாய் இல்லை. சீமைக்கருவேலம் மண்டிய மேடுதான் இருந்தது, மனை போட்டவர் மண் அடித்து மூடியிருந்தார். ஆனால் புலப்படத்தில் கால்வாய் இருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு. அதை வரன்முறைப்படுத்த முடியாது. 40 அடி முகப்பில் 5 அடி போனது. பத்திரத்தில் 2,400 சதுரடி, பட்டாவில் 2,100.

300 சதுரடிக்கு 2014-இல் கொடுத்தது ஒன்றரை லட்சம். கேட்டு வாங்க ஆள் இல்லை, மனை போட்டவர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். வரன்முறைக் கட்டணம், அளவைச் செலவு, பட்டா, நான்கு மூலைக்கும் கல் எல்லாம் சேர்ந்து 95,000 ஆனது. புலப்படத்தை இன்று தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மனை பார்க்கப் போகும் முன் அதை இறக்கி அச்செடுத்துக் கையில் எடுத்துப் போக வேண்டும். கால்வாய், ஓடை, வண்டிப்பாதை, மயானப் பாதை எல்லாம் அதில் இருக்கும். அனுபவத்தில் காணாமல் போனாலும் காகிதத்தில் அவை சாகாது.

வங்கி வக்கீலின் கேள்வி

2023 ஆகஸ்டில் விற்க முடிவெடுத்தார்கள். அடுத்த மாதமே ஒருவர் வந்தார். சதுரடி 1,500-க்குப் பேசி, முன்பணம் கொடுத்து, ஒப்பந்தம் பதிந்து, வங்கிக்குப் போனார். வங்கியின் வக்கீல் பொதுவாக 30 ஆண்டு உரிமைத் தொடரைப் பார்ப்பார். 1996 இறப்பு அந்த வரம்புக்குள் வருகிறது. அவர் கேட்டது ஒரே தாள்: இறந்தவரின் வாரிசுச் சான்று.

சான்றில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நான்கு பெயர் இருந்தது. 2003 பாகப்பிரிவினையில் கையெழுத்து இரண்டு மகன்களுடையது மட்டும்.

பெண்ணுக்குப் பங்கு 2005 திருத்தத்துக்குப் பிறகுதானே, அதற்கு முன்பே பாகம் பிரித்தாகிவிட்டதே என்று பலர் வாதாடுவார்கள். அந்தத் திருத்தமும், தமிழ்நாட்டின் 1989 திருத்தமும் கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. தகப்பன் சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்த சொத்துக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவே போதும். மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. அன்று நான்கில் ஒன்றாக இருந்த மகளின் பங்கு, தாயும் உயில் இல்லாமல் இறந்த பின் மூன்றில் ஒன்றானது. மகன்கள் கொடுத்த அதிகாரத்தில் அவளுடைய பங்கு சேராது. எனவே மனை வாங்கிய ஒவ்வொருவரிடமும் இருப்பது மூன்றில் இரண்டு பங்கு உரிமைதான். வங்கி கடனை மறுத்தது. 2023 டிசம்பரில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள்.

மகள் ஆம்பூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவர். அண்ணன்கள் மேல் இருபது வருடக் கோபம். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு, அவருக்குச் சட்டப்படி சேர வேண்டியது சேரவில்லை. 2024 ஆகஸ்டில் 3,00,000 வாங்கிக்கொண்டு, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பத்திரச் செலவு 30,000. இந்தச் சூழலில் ஒரு யோசனை சொல்ல வேண்டும். மனைக்காரர்கள் தனித்தனியாகப் போகக் கூடாது. முதலில் போகிறவர் கொடுக்கும் தொகை அடுத்தவருக்கு அடிவிலை ஆகிவிடும். எல்லாரும் சேர்ந்து ஒரே வக்கீல் வைத்து, மொத்தப் பங்குக்கு ஒரே பேச்சாகப் பேசினால் தொகையும் குறையும், அந்தப் பெண்ணுக்கும் ஒரே தடவையில் முறையாகப் பணம் கிடைக்கும்.

இடையில் கல்லூரிக் கட்டணத்துக்கு 4 லட்சம் நகைக்கடன். 9 சதவீத வட்டியில் 14 மாதத்துக்கு 42,000. தேவைப்படும் மாதத்தில் பணமாகாததுதான் நிலத்தின் முதல் ஆபத்து என்று சொல்வோம். விலை இறங்குவதைவிட இது அடிக்கடி நடக்கிறது. கல்யாணம், ஆபரேஷன், அட்மிஷன் எதுவும் கிரயப் பதிவுக்காகக் காத்திருக்காது.

கணக்கு

2024 அக்டோபரில் இரண்டாவது ஆள் வங்கிக் கடனோடு வாங்கினார். 2,100 சதுரடி, 1,500 வீதம் 31,50,000. கமிஷன் 2 சதவீதம், 63,000.

அடுத்தது வரி. வாங்குபவர் கடன் எடுப்பதால் முழுத் தொகையும் வங்கி வழியாக வந்தது, பத்திரத்திலும் முழு விலை. ஆனால் இவர்கள் வாங்கிய விலையாகக் காட்ட முடிந்தது பத்திரத்தில் இருந்த 4,80,000-மும் தீர்வை 38,400-மும்தான். ரொக்கமாகக் கொடுத்த 7,20,000-க்கு ஒரு சீட்டும் இல்லை. 2024 ஜூலை 23-க்குப் பின் விற்றதால் நீண்ட கால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டு இல்லாமல். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம் என்பதால், சரிக்கட்டுடன் 20 சதவீதமாகக் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2014-15-க்குப் பணவீக்கக் குறியீடு 240, 2024-25-க்கு 363. வரன்முறைச் செலவையும், நிலக்காரரின் மகளுக்குக் கொடுத்ததை உரிமையைச் சீராக்கிய செலவாகவும் கழித்துக்கொண்டாலும், பழைய விலை இவ்வளவு குறைவாக இருப்பதால் 12.5 சதவீத வழியே இவர்களுக்கு மலிவு. மேல்வரி சேர்த்து 2,78,700.

2014-இல் முழு 12 லட்சத்துக்குப் பதிந்திருந்தால் 20 சதவீத வழி மலிவாகி, வரி 1,40,900-தான் வந்திருக்கும். அன்று மிச்சம் பிடித்த 57,600 இன்று 1,37,800 கூடுதல் வரியாகத் திரும்பியது. 2015 ஜூன் முதல் சொத்துக்கு 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம் என்பது தனி. குறைத்துப் பதிவது எல்லாரும் செய்வது என்பதால் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால், விற்கும்போது அந்த வரியை யார் கட்டுவார் என்று கேளுங்கள்.

கைக்கு வந்தது: 31,50,000-இல் கமிஷன் 63,000, மகளுக்கும் பத்திரத்துக்கும் 3,30,000, வரி 2,78,700, நகைக்கடன் வட்டி 42,000 போக 24,36,300. போட்டது: 2014-இல் 12,70,000, 2019-இல் 95,000, முள் வெட்டவும் கல்லைப் பார்க்கவும் வருடத்துக்கு 3,000. தேதி வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம்.

அதே 2014-15-இல் அஞ்சலகத்தில் பத்து வருடத் தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு வட்டி 8.8 சதவீதம். 100 ரூபாய் பத்து வருடத்தில் 236 ரூபாய் 60 காசு. 12,70,000 போட்டிருந்தால் வரிக்கு முன் 30 லட்சம். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரி போகவும் 26 லட்சத்துக்கு மேல். சத்துவாச்சாரி தபால் நிலையத்துக்கு இரண்டு முறை போய் வருவதோடு வேலை முடிந்திருக்கும்.

சிக்கல் இல்லாத மனை என்றால்?

நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதே ஆண்டில் நகர் ஊரமைப்பு அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சதுரடி 650 என்று வைத்து 1,800 சதுரடி வாங்கியிருந்தால், முழு விலைக்குத் தீர்வை, கமிஷன், வக்கீல் கட்டணம் எல்லாம் சேர்த்து 13,04,600 ஆகியிருக்கும். 2024-இல் சதுரடி 1,600-க்கு 28,80,000. கமிஷனும் வரியும் போகக் கையில் 26,33,000. ஆண்டுக்கு 7 சதவீதம் சொச்சம்.

ஆக வில்லங்கமே இல்லாத மனையும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. 2.5 மடங்கு விலை ஏறியும் 7 சதவீதம்தான். காரணம் நுழைவுச் செலவும் வெளியேறும் செலவும். இன்றைய கணக்கில், 100 ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, கமிஷன் 2, வக்கீலுக்கும் மற்றதற்கும் 1 என்று 112 ஆகிறது. விற்கும்போது 2 சதவீதக் கமிஷன் கொடுத்தால், விலை 114-ஐத் தாண்டிய பிறகுதான் முதல் ரூபாய் லாபம். இரண்டு வருடத்தில் விற்றுவிடலாம் என்று வாங்குகிறவர் இந்த 14 சதவீதத்தை எழுதி எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும். 24 மாதம் ஆவதற்குள் விற்றால் லாபம் முழுவதும் வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வரம்பின் விகிதத்தில் வரி.

இரண்டு மனைக்கும் ஈட்டத்தில் உள்ள இடைவெளி ஒரு சதவீதப் புள்ளிதான். ஆனால் முதல் மனையில் அந்த மகள் கையெழுத்துப் போட மறுத்திருந்தால் பாகப்பிரிவினை வழக்கு. தீர்ப்பு, மேல்முறையீடு என்று பத்து வருடம் சாதாரணமாகப் போகும். அப்போது ஈட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சராசரியைப் பார்த்து இந்த ஆபத்தை எடைபோடக் கூடாது, மோசமான முடிவு எவ்வளவு மோசம் என்று பார்க்க வேண்டும். தனி ஆளிடம் இருப்பது ஒரே மனை. பத்து மனை வைத்திருப்பவருக்கு ஒன்று மாட்டிக்கொண்டால் பத்தில் ஒன்று, இவர்களுக்கு மொத்தச் சேமிப்பு.

செய்தி விலை

இந்த வட்டாரத்தில் மனை விலைக்கு ஊட்டம் கொடுப்பவை அறிவிப்புகள். அப்துல்லாபுரம் விமான ஓடுதளம், சிறு நகரங்களுக்கு விமான சேவை தரும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் சேர்ந்ததிலிருந்து அந்தச் சாலையில் விற்கும் ஒவ்வொரு மனையும் 'ஏர்போர்ட் அருகில்'தான். சென்னை - பெங்களூரு விரைவுச் சாலை, மேல்மொணவூர் மினி டைடல் (தகவல் தொழில்நுட்பப் பூங்கா), பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய 9,000 கோடி ரூபாய் ஆலை எல்லாம் துண்டுப் பிரசுரத்தில் வருகின்றன. பனப்பாக்கம் இருப்பது நெமிலி வட்டத்தில். காட்பாடி மனைக்கும் அந்த ஆலைக்கும் உள்ள தொடர்பு காகிதத்தில் மட்டும். விரைவுச் சாலை போன்ற சாலையில் நினைத்த இடத்தில் ஏற முடியாது. ஏறும் இடத்திலிருந்து மனை எத்தனை கிலோமீட்டர் என்பதே கணக்கு. செய்தி வந்த மறுநாள் விலையில் அது ஏறிவிடும், பலன் வரப் பல வருடம் ஆகும். நடுவில் காத்திருக்கும் செலவு வாங்கியவருடையது.

மாதத் தவணை மனைத் திட்டங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். 36 அல்லது 60 மாதம் கட்டி முடித்த பிறகே பத்திரம் என்பவை. அதுவரை கையில் இருப்பது ஒரு அட்டை. நிலம் அவர்கள் பெயரில்தானா, அடமானத்தில் இருக்கிறதா என்பதைக் கட்டத் தொடங்கும் முன்பே பார்க்காவிட்டால், அது மனை வாங்குவது ஆகாது, பிணை இல்லாமல் கடன் கொடுப்பதுதான். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

வாடகைக்கு வாங்குவது

சி.எம்.சி. மருத்துவமனை, வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இரண்டும் இருப்பதால் வேலூரில் வாடகைக்கு என்றும் குறைவில்லை என்பது நம்பிக்கை. காந்தி நகரில் 45 லட்சம் ரூபாய் அடுக்குமாடி வீடு, வாடகை 11,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,32,000, அதாவது விலையில் 2.9 சதவீதம். ஒரு மாதம் காலி, சொத்து வரி, மோட்டார், வெள்ளையடிப்பு போக 2.2 சதவீதம் நின்றால் நல்லது. 80 சதவீதம் கடன் எடுத்தால் 36 லட்சம். 8.5 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை சுமார் 31,250. வாடகை போக மாதம் 20,000 கைக்காசு. புதிய வரி முறையில் இருப்பவர், வாடகையைத் தாண்டிய வட்டியைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

வாடகை வருமானத்துக்கு ஒரே தூணை நம்புவது தனி ஆபத்து. 2020-இல் கொரோனாவில் கல்லூரி மூடியபோது, வி.ஐ.டி. பக்கத்து வைபவ் நகரிலும் பிரம்மபுரத்திலும் ஆள் கணக்கில் விட்ட வீடுகள் காலியாகின. நோயாளிகளை நம்பிய லாட்ஜ்களும் அப்படியே. சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் 2022-இல் இயங்கத் தொடங்கிய பின், அங்கே மாறிய பிரிவுகளின் நோயாளிகளும் அந்தப் பக்கமே தங்குகிறார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பின் வங்கதேசத்தவருக்கு விசா இறுகியது இன்னொரு அடி. கல்லூரியோ மருத்துவமனையோ ஒரு முடிவெடுத்தால் ஒரு தெருவின் வாடகையே மாறும். குடும்பங்களும் தேடி வரும் இடமாக, பேருந்தும் தண்ணீரும் உள்ளதாகப் பார்ப்பது நல்லது.

வாங்கும் முன்

எந்த மனையானாலும், நாளை அதை நம்மிடமிருந்து வாங்கப் போகிறவரின் வங்கி வக்கீல் என்ன கேட்பாரோ அதை இன்றே நாம் கேட்க வேண்டும். கடன் தேவையில்லாதவரும் ஒரு வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்து, அவர்களுடைய சட்டக் கருத்தையும் மதிப்பீட்டையும் வாங்கிப் பார்ப்பது மலிவான காப்பு. சில ஆயிரம் ரூபாய் செலவில், பணம் போட வேண்டிய ஒருவரின் கண் அந்தக் கோப்பில் விழுகிறது.

முன்பணத்துக்கு முன் பார்ப்பவை: புலப்படம், நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேடு, பட்டாதாரர் விவரம் உள்ள சிட்டா. 'அ' பதிவேட்டில் புறம்போக்கு, அனாதீனம் (உரிமையாளர் தெரியாத நிலம்), கோயில், வக்ஃபு என்று இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். பட்டியல் சாதியினருக்கென அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் மற்றவருக்கு மாறவே கூடாது. பத்து கைமாறி பட்டாவும் வாங்கியிருந்தாலும் அரசு திரும்ப எடுக்கலாம். எடுப்பதும் நியாயம்தான்.

அடுத்து மனைப்பிரிவு அனுமதி எண், வரைபடம். பூங்காவும் சாலையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். பூங்கா இடத்தையே பின்னால் மனையாக விற்றவர்கள் உண்டு. 500 சதுரமீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும்.

பிறகு உரிமைத் தொடர். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. அதில் உள்ள பெயர்கள் எல்லாம் பத்திரத்தில் கையெழுத்தாக இருக்க வேண்டும், குறிப்பாகப் பெண்கள். பவர் என்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று. முடிந்தால் அவரையே நேரில் பார்த்துவிடுங்கள், அவர் இறந்தால் அதிகாரமும் போய்விடும். கடைசியாக உள்ளூர் நாளிதழில் வக்கீல் அறிவிப்பு. 15 நாள் பொறுத்து, ஆட்சேபம் வந்தால் முன்பணம் போகாமலேயே தப்பிக்கலாம்.

அளவர் கல் காட்டாமல் கிரயம் வேண்டாம். ஒப்பந்தத்தில் 'அளந்து வரும் பரப்புக்கே விலை' என்று ஒரு வரி சேருங்கள். நம் குடும்பத்தின் ஒன்றரை லட்சம் அந்த ஒரு வரியில் இருந்தது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்கே உரிய ஒன்று தண்ணீர். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலையாகக் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிற்சாலைகளின் உப்பு. பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். குடிநீர்த் தரப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை. குரோமியம் 0.05-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீடு கட்டிக் குடியேறுபவர் யாரும் அந்த மனையை நல்ல விலைக்கு வாங்க மாட்டார். பாலாறு, பொன்னையாற்று ஓரம் என்றால், 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

எவ்வளவு போடலாம் என்பதற்கு எங்கள் அளவுகோல் இது. குடியிருக்க வாங்கும் வீட்டை இதில் சேர்க்க வேண்டாம். முதலீட்டுக்கென வாங்கும் நிலம், ஐந்து வருடத்துக்குள் எந்தத் தேவைக்கும் தொட வேண்டியிராத பணத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்கு வங்கியில் வைப்பு, பிள்ளைகள் படிப்புக்குத் தனி ஏற்பாடு ஆன பிறகு வாங்கலாம். கட்டடங்களின் வாடகையில் பங்கு வேண்டும், கையிலிருக்கும் தொகை சிறியது என்பவருக்குப் பங்குச்சந்தையில் பட்டியலான ரீட் (ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை) அலகுகள் உண்டு. ஓர் அலகுகூட வாங்கலாம், விற்றால் ஓரிரு நாளில் பணம். அதன் விலையும் இறங்கும், ஆனால் அதற்கு வாரிசுச் சான்று தேட வேண்டியதில்லை.

ஏற்கனவே இப்படி ஒரு மனையை வைத்திருப்பவர்கள், விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இந்த வருடமே கோப்பை எடுத்து ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது. 2014-இல் கையெழுத்துப் போடக்கூடிய வயதில் இருந்தவர்களுக்கு இப்போது வயதாகியிருக்கும். ஒரு மகள் இறந்தால் அவருடைய கையெழுத்துக்குப் பதில் அவருடைய பிள்ளைகள் நாலு பேரின் கையெழுத்து தேவைப்படும், அவர்களில் ஒருவர் துபாயில் இருப்பார்.